கேள்வியை அவளிடம் கேளுங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவியின் சொற்கள் படகில் வரத் தொடங்கின. முன்பு அவை வாசற்படியிலேயே குடியிருந்தன; கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றன. இப்போது அக்கரையிலிருந்து புறப்பட வேண்டும். மழைநாளில் கொச்சி மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் வெறும் சாம்பல் நிறம். அப்புறம் அதில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கெட்டியாகும். படகா, நம் ஆசையா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிட்டே வந்த பிறகுதான் அது படகு. சில நேரம் நாம் எதிர்பார்த்த படகாகவும் இருக்காது. சாயா கேட்க நினைத்தவள் வாயில் "குடை" வந்து இறங்கும். அவளே அதைப் பார்த்துத் தலையை ஆட்டித் திருப்பி அனுப்புவாள்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தெளிவாகச் சொன்னாள். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்பதெல்லாம் புரியும். நினைப்பதெல்லாம் முழுதாக இருக்கும். உள்ளேயிருந்து வாய்க்கு வரும் வழிதான் பழுதாகிவிட்டது. அவசரப்படுத்தினால், ஆமாம் என்று சொல்ல நினைப்பவள் இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

"அதனால காத்திருக்கணும் சாரே. நடுவுல நீங்க முடிச்சுக் கொடுக்கக் கூடாது," என்றாள்.

நான் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்தவன். ஆலுவாவிலும் களமசேரியிலும் இருந்துவிட்டு, கடைசியில் காக்கநாட்டில் கோப்புகளோடு கோப்பாக ஓய்வு பெற்றேன். பிறர் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பதற்காகவே அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

வீட்டில் காத்திருப்பது அப்படியொன்றும் கடினமில்லை. பிற்பகலில் ஜன்னலோரம் இருவரும் உட்கார்ந்திருப்போம். கீழே சந்தில் கிட்டங்கிக்குப் போகும் வண்டிகள் சுக்கு வாசனையை இழுத்துக்கொண்டு போகும். அவள் ஏதோ சொல்லத் தொடங்கியிருப்பாள். நான் கேட்கத் தொடங்கியிருப்பேன். நடுவில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருக்கும். சொல் வந்து சேரும்போது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு மறந்து போயிருக்கும், அவளுக்கு மறந்திருக்காது.

சிக்கல் வெளியே போகும்போதுதான். மருந்துக் கடையில் அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஜெட்டிக்குப் பக்கத்துச் சாயாக்கடையில், "அம்மாவுக்கு மதுரம் போடலாமா?" என்று என்னிடம் கேட்பார்கள். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்; தவிர, சர்க்கரை நோய் எனக்குத்தான். கண்ணாடிக் கடைக்காரர் அவளிடம் உரக்கப் பேசினார், கண் மங்கினால் காதும் மங்கும் என்பதுபோல. ரத்தப் பரிசோதனை செய்யுமிடத்தில் ஒரு பெண் அவள் கன்னத்தைத் தட்டி, "நல்ல மோளல்லே," என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சினாள். அந்தப் பெண்ணுக்கு அம்மா வயது இருக்கும் என் மனைவிக்கு. அந்த மாதிரி நேரங்களில் அவள் முகத்தைத் திருப்பி, அங்கே இல்லாத ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருக்கும்.

எல்லாருமே நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் புகார் எழுதலாம். புகாரை எந்த மேசையில் கொடுத்தால் நகரும், எந்த மேசையில் கொடுத்தால் உறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. நல்லவர்களைப் பற்றி யாரிடம் புகார் எழுதுவது?

என் மனைவியும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான். மாநகராட்சியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில். பிறப்புக்கு வருகிறவர்கள் வளவளவென்று பேசுவார்கள். இறப்புக்கு வருகிறவர்களிடம் பேரைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். கணவனின் பேர் வாயில் வராமல் ஒரு பெண் நிற்பாள். பின்னாலிருந்து அவள் கொழுந்தன் எடுத்துக் கொடுக்கப் பார்ப்பான். என் மனைவி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவாள். "சேட்டா, அவங்க சொல்லட்டும்." அப்புறம் மேசைமேல் கிடக்கும் குண்டூசிகளைப் பொறுக்கத் தொடங்குவாள். வரிசை முணுமுணுக்கும். சாயங்காலம் அவளை அழைத்துப் போக வரும்போது நான் இதைப் பார்த்திருக்கிறேன். நிர்வாக நோக்கில் இது சரியல்ல என்று வழியெல்லாம் விளக்கியிருக்கிறேன்.

"பேரு வரும்போது வரட்டும்," என்பாள். "எனக்கு அஞ்சு மணி வரைக்கும் சம்பளம்."

நாங்கள் இருக்கும் வீடு அவளுடையது. அவள் அம்மா மூத்தவள் பேருக்கே எழுதி வைத்தது. முன்னால் நாங்கள், பின்பக்கம் ஓர் அறை, ஓர் அடுக்களை, ஒரு கிணறு. அங்கே அவள் தங்கை இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எறணாகுளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மேட்ரன். பகலெல்லாம் பிறர் பெண்களைத் திட்டிவிட்டு, சாயங்காலம் மீனும் கப்பைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்து அக்காவைத் திட்டுவாள். பக்கவாதம் வந்த அன்று அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது அவள்தான். நான் மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டிய அடையாள அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகன் பெங்களூரில் இருக்கிறான். ஓணத்துக்கு வந்தபோது, இந்தப் பழைய வீட்டை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காக்கநாட்டில் லிஃப்ட் உள்ள ஃப்ளாட் ஒன்று பார்க்கலாம் என்றான். அம்மாவுக்கு மாடிப்படி வேண்டாமே என்ற அக்கறை. சித்தி எங்கே போவாள் என்று அவன் யோசிக்கவில்லை. அவன் ரயிலேறிய மறுநாள் என் மனைவி பின்பக்கக் கதவின் நிலையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

"இது... அவளுக்கு," என்றாள். அப்புறம், "எழுதணும்."

எழுத வேண்டும்தான். எழுதாமல் அவள் கண்ணை மூடினால் வீடு எனக்கும் மகனுக்கும் வரும். தங்கைக்குக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர்கூடச் சட்டப்படி கிடையாது. இது எனக்கு உறக்கத்திலும் தெரியும்.

பத்திரத்தை இங்கே ஆதாரம் என்பார்கள். ஆதாரம் எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தார். வலது கை தளர்ந்துவிட்டதால் அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்து முதல் வகுப்பு எழுத்து, ஆனால் ஒவ்வொன்றும் கோட்டுக்குள் நின்றது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யலாம், அதற்கு முறை உண்டு என்றேன். வேண்டாம் என்று கை காட்டினாள்.

"ஆபீஸ்... போற மாதிரி போணும்."

கஞ்சி போட்ட பருத்திப் புடவை உடுத்தி, பழைய கைப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றியபடி வந்தாள்.

பதிவு அலுவலகத்தின் வாசலில் சாய்தளம் ஒன்று கட்டியிருந்தார்கள். சரியான சரிவு, சரியான கைப்பிடி, ஆய்வுக்கு வந்தவர் மெச்சியிருப்பார். அதன்மேல் வரிசையாகக் குரோட்டன் தொட்டிகள் வைத்திருந்தார்கள். வெயில் நன்றாகப் படும் இடம் அதுதான். நாங்கள் படியேறிப் போனோம்.

அதிகாரி இளம்பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சாரோட உத்தரவுகளைப் படிச்சுத்தான் நாங்க டெஸ்ட் எழுதினோம்," என்றார். டோக்கன் வரிசையைத் தாண்டி எங்களை உள்ளே அழைத்தார். நாற்காலி வந்தது. எலுமிச்சை ஜூஸ் வந்தது. என் மனைவியைப் பார்த்து, குழந்தைக்குச் சிரிப்பதுபோல் ஒரு சிரிப்பு சிரித்தார். தலைக்குமேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றையும் யோசித்து யோசித்துச் சுற்றியது.

பதிவு என்பது முத்திரையோ கையெழுத்தோ அல்ல. எழுதிக் கொடுத்தவரைப் பார்த்து, இது நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானா என்று அதிகாரி கேட்பதும், அவர் ஒப்புக்கொள்வதும்தான் பதிவு. மற்றதெல்லாம் அலங்காரம். கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். காது கேளாதவரிடம் எழுதிக் கேட்கலாம். மெதுவாகப் பேசுகிறவருக்கு என்ன செய்வது என்று எங்கும் படித்ததாக நினைவில்லை. விதி எழுதியவர்கள் வேகமாகப் பேசுகிறவர்களாக இருந்திருக்க வேண்டும்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேச்சிக்கு எல்லாம் சம்மதம்தானே சாரே?"

துணைக்கு வந்தவன் வாய் திறக்கக் கூடாது என்பது முறை. நான் மின்விசிறியைப் பார்த்தேன். மூத்த அதிகாரியின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எங்கள் துறையின் வழக்கம். அவர் கை முத்திரைக் கட்டைக்குப் போனது.

"இல்ல," என்றாள் என் மனைவி.

படகும் இல்லை, மூடுபனியும் இல்லை. பழைய நாட்களைப்போல் வாசலிலேயே நின்றிருந்த சொல்.

"எந்தா?" என்றார் அதிகாரி, மறுபடி என்னிடம்.

"இல்ல."

நான் விளக்கினேன். நோயின் இயல்பு, ஆமாமும் இல்லையும் இடம் மாறுவது, பேச்சுப் பயிற்சியாளரின் கருத்து எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னேன். அதிகாரிக்கு மூச்சு வந்தது. "அப்ப ஆமாம்னு எடுத்துக்கலாம், அல்லே?"

என் மனைவி கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இல்ல." இம்முறை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

எழுதிக் கொடுத்தவர் மறுத்தால் பதிவாளர் பதிவை மறுத்து உத்தரவு எழுத வேண்டும். அப்புறம் மேல்முறையீடு, விசாரணை, மருத்துவச் சான்று. அந்தப் பின்பக்க அறை காகிதத்துக்குள் மூழ்கிவிடும். அது மேலே வருவதற்குள் நாங்கள் மூவரும் இருப்போமா என்பது வேறு. ஆனால் முத்திரை இன்னும் தாளில் விழவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் முத்திரையைப் பார்த்தேன். ஒரே துறைக்காரர்களுக்குள் இதற்குமேல் பேச்சு தேவையில்லை.

"நாளை கழிச்சு காலையில வாங்க சாரே," என்றார், தாள்களைத் திருப்பித் தந்தபடி. "இன்னிக்கு நான் இந்த ஆதாரத்தைப் பார்க்கவே இல்ல."

வீட்டில் தங்கை காத்திருந்தாள். "என்னாச்சு அத்தான்?"

"உங்க அக்கா மாட்டேன்னுட்டா."

தங்கை அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவளுக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம். ஹாஸ்டல்ல எனக்கு ஒரு கட்டில் இருக்கு. அங்க மூட்டைப்பூச்சிக்குக்கூட என்னைக் கண்டா பயம்."

என் மனைவி இடது கையால் மேசையைத் தட்டினாள். வாய் திறந்து நின்றது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்கப் போனோம். உள்ளங்கை உயர்ந்தது. கவுண்டருக்குப் பின்னால் நான் பார்த்த அதே கை. ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. வானொலி எங்கோ பக்கத்து வீட்டில் பாடி முடித்தது.

"அந்தக் குட்டி... என்கிட்ட... கேக்கல," என்றாள். மூச்சு வாங்கிவிட்டு, என்னைக் காட்டி, "இவருகிட்ட கேட்டா."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்காக வந்த வீட்டத் திருப்பி அனுப்பினியா? பாவி. வாயில வார்த்தை இல்லாதப்பவே இந்த வீம்பு."

"கேக்கட்டும்," என்றாள் அக்கா.

கேட்டால் மட்டும் போதாது என்பதுதான் எனக்கு உறுத்தல். அடுத்த முறை நியாயமாகவே கேட்டு, பதற்றத்தில் ஆமாமுக்குப் பதில் இல்லை வந்து இறங்கினால், அது ஏட்டில் ஏறிவிடும். இதை அவளிடம் சொன்னேன். அவள் அதை எனக்கு முன்பே யோசித்திருந்தாள். மறுநாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆமாமும் இல்லையும் இல்லாத ஒரு பதிலைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் குடை வந்தது, வாழைக்காய் வந்தது, எங்கள் மகனின் பேர் வந்தது. எல்லாவற்றையும் கோபமில்லாமல் திருப்பி அனுப்பினாள்.

அன்று பிற்பகல் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தபோது நான் ஒரு சுற்றறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசுக. துணைக்கு வந்தவர் துணைக்கு மட்டுமே வந்தவர் எனக் கொள்க. காது கேட்பவரிடம் உரக்கப் பேசற்க. கன்னத்தைத் தட்டற்க. முதல் கேள்விக்குப் பதில் வரும்வரை இரண்டாம் கேள்வி கேளற்க. சாய்தளத்திலிருந்து பூந்தொட்டிகளை அகற்றுக. நல்ல நடை. அதை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்ப ஒரு படகில் ஏற்றினேன். காயலின் நடுவில் மழை வந்தது. மை கரைந்து தாள்களெல்லாம் வெள்ளையாகிவிட்டன. எதிர்க்கரையில் கைநீட்டி நின்றவர்கள் வெள்ளைத்தாள்களை வாங்கி, மிகுந்த மரியாதையோடு கோப்பில் கோத்துக்கொண்டார்கள். நான் விழித்தபோது சந்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் இன்னும் ஜன்னலோரம்தான் இருந்தாள், உதடுகள் அசைந்தபடி.

இரண்டாம் முறை தங்கையும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். சாய்தளத்தில் தொட்டிகள் அப்படியே இருந்தன. ஒன்றை மட்டும் யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் கைத்தடி நுழையும், கைத்தடிக்காரி நுழைய முடியாது. அவள் படிப் பக்கம் போகவில்லை. தடியால் தொட்டியைச் சுட்டிக் காட்டியபடி நின்றாள். வாசலில் இருந்த பியூன் என்னைப் பார்த்தார். நான் குரோட்டன் இலைகளின் நிறத்தை ஆராய்ந்தேன். கொஞ்ச நேரம் ஆனது.

"எடு," என்றாள்.

பியூன் எடுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாக மேலே போனாள். நானும் தங்கையும் ஊர்வலத்தின் பின்வரிசைபோல் போனோம்.

"சார் வெளியில இருக்கணும்," என்றார் அதிகாரி. முறைப்படி சரி. என் பணிக்காலத்தில் எத்தனையோ கணவர்களை இதே வாக்கியத்தால் வெளியே அனுப்பியிருக்கிறேன். அது இவ்வளவு குளிர்ச்சியான வாக்கியம் என்று அப்போது தெரியாது.

தாழ்வாரத்து பெஞ்சில் தங்கையும் நானும் உட்கார்ந்தோம். கம்பி போட்ட ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. அதிகாரி தன் நாற்காலியை மேசையைச் சுற்றித் தானே இழுத்துக்கொண்டு வந்து, என் மனைவிக்கு எதிரில், முழங்காலுக்கு முழங்கால் இருக்கும் தூரத்தில் உட்கார்ந்தார். கையில் பேனா இல்லை.

"அம்மா, இந்த ஆதாரம் நீங்க எழுதிக் கொடுத்ததா? யாருக்கு, என்ன கொடுக்கிறீங்க? நிதானமாச் சொன்னா மதி, அவசரமே இல்ல."

மௌனம் வந்தது. முதலில் அது சாதாரண மௌனமாக இருந்தது. பிறகு அது கட்டடத்தை நிரப்பத் தொடங்கியது. தட்டச்சு நின்றது. அடுத்த டோக்கன்காரர் தலையை நீட்டி, "கழிஞ்ஞோ மேடம்? முடிஞ்சுதா?" என்றார். "இல்ல. சேட்டன் அங்க இரிக்கூ," என்றார் அதிகாரி, என் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மழை ஓட்டின்மேல் நடந்து போய்த் திரும்பி வந்தது. நாங்கள் எல்லாரும் ஜெட்டியில் நிற்பதுபோல் இருந்தது, அந்த அலுவலகமே நனைந்தபடி அக்கரையைப் பார்த்து நிற்பதுபோல்.

"குடை," என்றாள் என் மனைவி.

தங்கையின் நகம் என் முழங்கையில் பதிந்தது. சரியான சொல் என் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. கம்பிக்குள் வீசினால் போதும். அதிகாரி குடையை எழுதிக்கொள்ளவில்லை. சிரிக்கவில்லை. இன்னொரு முறை கேட்கவும் இல்லை. அப்படியே இருந்தார்.

என் மனைவி தலையை ஆட்டிக் குடையைத் திருப்பி அனுப்பினாள்.

"பின்... பக்கம்," என்றாள். "அறை. அடுக்களை." அதன் பிறகு வந்தது சற்றுப் பெரிய படகு. "என் தங்கச்சிக்கு. நான்... தர்றேன்."

அதிகாரி தலையசைத்தார். எழுந்திருப்பார் என்று நினைத்தேன். முறை தெரிந்தவர், ஆதாரத்தில் எழுதியிருப்பதை முழுவதும் கேட்டுவிடத் தீர்மானித்திருந்தார். "கிணறு, அம்மா?"

இதற்கு அவள் பயிற்சி செய்திருக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். என் மனைவி அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாயின் சரியாக இருக்கும் பக்கம் மெல்ல மேலே போனது.

"தண்ணி," என்றாள், "ரெண்டு பேருக்கும்."

ஆதாரத்திலும் அப்படித்தான் இருந்தது. முத்திரை விழும் சத்தம் கேட்டது. அலுவலகங்களிலேயே எனக்குப் பிடித்த சத்தம் அதுதான். வெளியே உட்கார்ந்து அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இனி வாடகை கேட்டா கொன்னுடுவேன்," என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டு, விடுதிக்குப் போக பஸ் பிடிக்க ஓடினாள். பாதி நாள் விடுப்புதான் எடுத்திருந்தாளாம்.

ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கோட்டா சாரே?"

நான் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் கை உயர்ந்திருந்தது. ஆட்டோ எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாக நகர்ந்தது. எங்கள் சந்தின் முனை வந்தது, போனது. ஈரச் சாக்குகள், மூடிய கடைகள், சுவரில் சாய்ந்து நின்று எதையோ படமெடுக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் மழைக்குள்ளிருந்து வந்து மழைக்குள்ளேயே போயின. ஆட்டோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சீட்டியடிக்கத் தொடங்கினார். ஜெட்டியின் வளைவில்தான் அது வந்து சேர்ந்தது.

"சாயா."

இறங்கினோம். சாயாக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்தார். சர்க்கரை டப்பாவில் கரண்டியை விட்டபடி என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு மதுரம் போடலாமா சாரே?"

காயலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் என்னையே பார்த்தார், அப்புறம் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"எனக்கு... வேணும்," என்றாள். தலையை என் பக்கம் சாய்த்து, தெள்ளத் தெளிவாக, "இவருக்கு இல்ல."

அரைக் கரண்டியாவது போடலாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் உள்ளங்கை உயர்ந்தது.